பச்சை வண்டி ஏன் கொதித்தது

உங்கள் ஜீப்பில் ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறது, ஐயா. என்னை ஏற்றிக்கொண்டு வரும்போதே கவனித்தேன். கிளம்பும்போது கீச்சென்று ஒரு சத்தம் வருகிறது, பிறகு அடங்கிவிடுகிறது. இப்போதைக்கு ஓடும். வெயில் காலத்தில் நடுரோட்டில் காலை வாரிவிடும். யாரையாவது விட்டு இறுக்கச் சொல்லுங்கள்.

நான் வந்த விஷயத்துக்கு வருகிறேன். பல் டாக்டர் என் பட்டறையில் இறந்துபோனதை நீங்கள் விபத்து என்று பதிந்திருக்கிறீர்கள். அஜாக்கிரதையால் நேர்ந்த மரணம். நானாகக் கூப்பிட்டு ஜீப்பை அனுப்பச் சொன்னது அந்த ஒரு சொல்லுக்காகத்தான். மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள். அது என்னவென்று நான் கேட்கப்போவதில்லை, அவரவர் வேலை அவரவருக்கு.

என் மச்சினன் உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கிறான். மனைவியின் தம்பி, பட்டறையில் என்னோடு வேலை செய்கிறவன். வண்டியை ஜாக்கியில் ஏற்றிவிட்டு, ஜாக்கி இறங்கினாலும் வண்டியைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டை அடியில் வைக்க மறந்தது தான்தான் என்று சொல்லியிருக்கிறான். பாவம், அந்த நேரத்தில் அவன் பட்டறையிலேயே இல்லை. "அத்தான், நான் மறந்துட்டேன்னு சொல்லிடறேன். கவனக்குறைவுன்னா கொஞ்ச நாள்ல வெளிய வந்துடலாம்" என்றான். பக்கத்தில் நின்ற என் மனைவியும், "அவன் சொல்றபடியே இருக்கட்டும், நீங்க வாயத் திறக்காதீங்க" என்றாள்.

இரண்டு பேரும் என் நன்மைக்குத்தான் சொன்னார்கள். ஆனால் எனக்கு வயிறெரிந்தது. என் பட்டறையில் ஸ்டாண்ட் வைக்க மறந்தார்களாம். நாளைக்கு யார் தங்கள் வண்டியை நம்பிக் கொண்டுவந்து விடுவார்கள்? டயர் மாற்றுவதற்குக்கூட ஸ்டாண்ட் வைத்துவிட்டுத்தான் நட்டில் கை வைப்பேன். மற்ற மெக்கானிக்குகள் என்னைக் கேலி செய்வதே அதற்காகத்தான். சாப்பிட உட்காரும்போதுகூட நாற்காலிக்கு ஸ்டாண்ட் வைப்பேனாம்.

அந்தப் பச்சை வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டே இருக்கை, மடக்கக்கூடிய துணிக் கூரை, முக்கால் நீளமும் பானெட். இப்போது அந்த மாதிரி ஸ்போர்ட்ஸ் கார் யாரும் செய்வதில்லை. முன்பு ஒரு பாட்டு வாத்தியாரிடம் இருந்தது. மனிதர் அதைக் குழந்தையைத் தூங்கவைப்பதுபோல ஓட்டுவார். அவர் இருந்தவரை வண்டிக்கு நான்தான் எல்லாம். ஒரு நாளும் கொதித்ததில்லை. அவர் போனபிறகு பிள்ளைகள் அதைப் பல் டாக்டருக்கு விற்றுவிட்டார்கள். எனக்கு அந்த வண்டி மேல் ஆசைதான், மறைப்பானேன். வாங்க வக்கில்லாதவன் ஆசைப்படக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லையே.

டாக்டர் நல்ல மனிதர். என் மனைவிக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியபோது வலியே தெரியவில்லை என்று இன்றைக்கும் சொல்வாள். வண்டி ஓட்டத்தான் தெரியாது. வாங்கிய கொஞ்ச நாளிலேயே பானெட் இடுக்கிலிருந்து ஆவி வர, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார்.

அந்த முதல் தடவை கோளாறு வண்டியில்தான் இருந்தது. நியாயத்தைச் சொல்ல வேண்டும். தெர்மோஸ்டாட் என்று ஒன்று இருக்கிறது. எஞ்சின் சூடேறியதும் திறந்து, தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பி ஆறவிடும் சின்னக் கதவு. அது இறுகிப்போய் மூடிக்கிடந்தது. புதிது போட்டேன். அதோடு விடாமல் ரேடியேட்டரையும் இறக்கி, அடைசலெல்லாம் போகக் கழுவினேன். குழாய்களைக் கழற்றினால் உள்ளே தூசி போகாமல் வாயில் துணி அடைத்துவைப்பது என் வழக்கம். எங்கள் வீட்டுப் பழைய ஜன்னல் திரையைக் கிழித்து அதற்கென்றே வைத்திருக்கிறேன். மச்சினன் எவ்வளவு சொன்னாலும் அடைக்க மாட்டான். ஆவென்று திறந்துபோட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். அதனால் அந்த வண்டியில் அவனைக் கைவைக்க விடவில்லை.

எல்லாம் மாட்டி முடித்து, ஆற்றங்கரைச் சாலையில் நானே ஓட்டிப் பார்த்தேன். வெப்பம் காட்டும் முள் நடுவில் வந்து நின்றது, அசையவில்லை. சந்தோஷமாகக் கொடுத்தனுப்பினேன். அந்த வாரமே டாக்டர் திரும்பி வந்தார்.

"மாஸ்டர், மேம்பாலம் ஏறும்போது முள்ளு சிவப்புக்குப் போயிடுச்சு. பானெட்ல முட்டை பொரிக்கலாம் போல" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு நான் செய்ததெல்லாம் முறைப்படி செய்தது. கோளாறு தேடுவதற்கு ஒரு வழி இருக்கிறது, ஐயா. உங்கள் தொழிலிலும் அப்படித்தான் இருக்கும். சந்தேகம் உள்ளவர்களை ஒவ்வொருவராக விசாரித்து விட்டுவிட வேண்டும். கடைசியில் மிஞ்சுகிறவன்தான் ஆள். ரேடியேட்டர் மூடியை மாற்றினேன், அது குற்றவாளி இல்லை. ஃபேன் ஒழுங்காகச் சுற்றியது. தண்ணீர் பம்பில் ஆட்டமில்லை, ஒழுகலில்லை. ஹெட் கேஸ்கட் போயிருந்தால் தண்ணீரில் குமிழி வரும், புகை வெள்ளையாக வரும். இரண்டும் இல்லை. குழாய்களை மட்டும் திரும்பக் கழற்றவில்லை. அவை நான் மாட்டியவை. என் கை மாட்டியதை நானே சந்தேகப்படுவதென்றால் தொழிலை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போகலாம்.

ஒவ்வொரு தடவையும் நான் ஓட்டினால் முள் நடுவில் நின்றது. அவர் ஓட்டினால் சிவப்புக்குப் போனது. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து போய்ப் பார்த்தேன். சின்ன கியரிலேயே எஞ்சினை அலறவிட்டார். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை பேச்சுக்கு. "ஸ்போர்ட்ஸ் கார் மாஸ்டர், விரட்டத்தானே வாங்கினது?" என்றார். ஏற்றம் முடிவதற்குள் ஆவி வந்துவிட்டது. ஒரு பிராணியை அடிப்பதைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

அவர் என்மேலும் குறை சொல்ல ஆரம்பித்தார். நேரில் சொல்லவில்லை. தன் நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருப்பவர்களிடம் சொன்னார். "பட்டறைக்காரருக்கு வயசாயிடுச்சு, கை முன்ன மாதிரி இல்ல" என்று. அவர்களால் பதில் சொல்ல முடியாது, கேட்டுக்கொண்டுதான் இருக்க முடியும். அவர்களில் ஒருவர் என் மனைவியின் சித்தப்பா. அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த தடவை வந்தபோது டாக்டரே வழி சொன்னார். "மாஸ்டர், வலிக்கிற பல்லை விட்டுட்டு மத்த பல்லையெல்லாம் தட்டிட்டே இருக்கீங்க. எதுன்னு கண்டுபிடிச்சு ஒரேயடியா புடுங்கிப் போடுங்க. இல்லேன்னா இந்த எஞ்சினே வேணாம். அடிபட்ட வண்டியிலேர்ந்து வேற எஞ்சின் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். இதைத் தூக்கி இரும்புக்குப் போட்டுடலாம்."

இரும்புக்கு. அந்தச் சொல்லை அவர் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. நான் யோசித்துப் பார்த்தேன். தண்ணீர் அதே தண்ணீர், சாலை அதே சாலை, எஞ்சின் அதே எஞ்சின். நான் ஓட்டும்போது இல்லாமல் அவர் ஓட்டும்போது மட்டும் வண்டியில் இருப்பது ஒன்றே ஒன்றுதான். வலிக்கிற பல் எதுவென்று தெரிந்துவிட்டது. எனக்கு அவர்மேல் கோபம் இல்லை, ஐயா. இறுகிப்போன தெர்மோஸ்டாட் மேல் யாராவது கோபப்படுவார்களா?

எஞ்சினை இறக்க வேண்டிய நாளில் அவர் முன்கூட்டியே வந்துவிட்டார். மச்சினனைச் சாமான் வாங்க அனுப்பியிருந்தேன். வண்டி ஜாக்கியில் ஏறி நின்றது. "கழற்றுறதுக்கு முன்னாடி எங்க ஒழுகுதுன்னு காட்டறேன் டாக்டர், நீங்களே ஒரு தடவை பாத்துடுங்க" என்றேன். உற்சாகமாகச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து அடியில் போனார். விளக்கை எடுத்துக் கொடுத்தேன்.

"ஒண்ணும் ஒழுகலையே மாஸ்டர்?"

"இன்னும் கொஞ்சம் உள்ள போங்க டாக்டர்."

ஸ்டாண்டுகள் சுவரோரம் வழக்கமான இடத்தில் இருந்தன. நான் அவற்றைப் பார்த்தேன். இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும்: மறக்கவில்லை. பார்த்தேன், பார்த்துவிட்டு வைக்கவில்லை. பிறகு ஜாக்கியை இறக்கும் திருகைத் திறந்துவிட்டேன். வண்டிக்குப் பெரிய சேதமில்லை. சைலன்சர் ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது, அதைத் தட்டி நிமிர்த்திவிடலாம்.

ஆக, செய்தது நான். தெரிந்தே, யோசித்தே, நிதானமாகவே செய்தேன். மச்சினனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அஜாக்கிரதை என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அது போதும் எனக்கு.

வண்டியை இங்கே கொண்டுவந்துவிட்டீர்களா? அப்போதே கேட்க நினைத்தேன். உங்கள் கான்ஸ்டபிள் ஓட்டிக்கொண்டு வந்தாரா? நல்லது, இனிமேல் கொதிக்காது.

"கொதிச்சுதே" என்கிறீர்கள். "ஸ்டேஷன் கேட் பக்கத்துலயே ஆவி அடிச்சு நின்னுடுச்சு."

எந்த கியரில் வந்தார் என்று அவரைக் கேளுங்கள், ஐயா. போலீஸ்காரர்கள் எப்போதும் விரட்டித்தான் ஓட்டுவார்கள்.

"எங்க மெக்கானிக் ரேடியேட்டரோட கீழ்க்குழாயைக் கழட்டினார்" என்று சொல்லி அந்தப் பையைத் திருப்பி என் பக்கம் தள்ளுகிறீர்கள். துணி. தண்ணீரில் கிடந்து கொதித்துக் கொதித்து நிறம் போயிருக்கிறது, ஆனால் நீலப் பூ தெரிகிறது. எங்கள் வீட்டு ஜன்னல் திரை. குழாயின் வளைவில் சுருண்டு கிடந்ததாம். மெதுவாக ஓட்டினால் தண்ணீர் பக்கவாட்டில் கசிந்து போய்விடுமாம், வேகமெடுத்தால் போதாதாம். உங்கள் மெக்கானிக் விவரமானவர்தான்.

மச்சினன் எதையும் போட்ட இடத்தில் விட்டுவிடுவான் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அவர் துணியே அடைக்க மாட்டார்னு நீங்கதானே இப்ப சொன்னீங்க" என்கிறீர்கள்.

சொன்னேன். குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா? பையை அந்தப் பக்கம் எடுத்து வையுங்கள், பார்க்க என்னவோ போலிருக்கிறது.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது, ஐயா. அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். வண்டியைப் புரிந்து ஓட்டுகிறவராக இருந்தால் அந்தத் துணி இருந்தும் ஓட்டியிருப்பார். நான் ஓட்டியபோது முள் நடுவில்தான் நின்றது.