கை கோத்து நிற்கிறோம், கொக்கி அக்கா

கொக்கியின் குறை காணும் கூர்விழியீர்! கம்பிவடத்தின் களைப்பைக் கைதொட்டே கண்டறியும் கருத்துடையீர்! எடை அறியாது எதையும் எடுக்கவிடாத ஏற்றமிகு ஆய்வாளர் அம்மையீர்! காற்றையே நிறுத்திவைத்துக் கணக்குக் கேட்ட எங்கள் காவல் அரணே! இன்று பணி ஓய்வு பெறும் உங்களுக்குக் கிரேன் பிரிவினர் அனைவரின் பணிவான வணக்கம்.

மேற்கண்ட அடைமொழிகளில் பாதியை வழங்கியவர் ஸ்டோர் கீப்பர் அண்ணன். "பளுதூக்கி இயந்திரப் பாதுகாப்பின் பாரிஜாதமே" என்றும் ஒன்று எழுதித் தந்தார். பளுதூக்கி என்றால் பந்தயத்தில் குண்டு தூக்குகிறவர் என்று நினைத்துவிடுவார்கள், பாரிஜாதம் என்றால் நீங்களே எழுந்து போய்விடுவீர்கள் என்று சொல்லித் தடுத்துவிட்டோம். அண்ணன் இன்னும் எங்களோடு சரியாகப் பேசவில்லை.

இம்மடலை எழுதியவன் கோபுரக் கிரேனின் கூண்டில் அமர்ந்து உங்களை ஆண்டாண்டு காலமாக மேலிருந்து பார்த்தவன். உங்கள் முகத்தைவிட உங்கள் வெள்ளைத் தலைக்கவசத்தின் உச்சியே எனக்கு அதிகப் பழக்கம். இதை உரக்க வாசித்துக்கொண்டிருப்பவர் எங்கள் சிக்னல்மேன் மீசை. கீழே நின்று அவர் காட்டும் கைதான் மேலே இருக்கும் எனக்குக் கண். இம்மடலில் ஓரிடம் வரும்போது அவர் குரல் கம்மும். இருமலென்று சொல்லுவார், யாரும் நம்ப வேண்டாம்.

மாசற்ற பணியின் மாண்பே! மற்றவர்கள் காலையில் மனிதர் முகத்தில் விழிப்பார்கள், நீங்கள் கொக்கியின் முகத்தில் விழித்தீர்கள். "குட் மார்னிங் மேடம்" என்றால் "காத்து எவ்வளவு?" என்பதே உங்கள் பதில் வணக்கம். பழைய துணியொன்றைக் கையில் சுற்றிக்கொண்டு கம்பிவடத்தை நீவிக்கொண்டே நடப்பீர்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே இழை அறுந்திருக்கிறது, அன்று அந்தக் கிரேனுக்கு விடுமுறை. கொக்கியிலிருந்து பாரம் கழன்றுவிடாமல் காக்கும் சிறு நாக்கு சரியாக மூடுகிறதா என்று விரலால் தட்டிப் பார்ப்பீர்கள். நாக்கு மூடாத கொக்கியையும் நாக்கை மூடாத மேனேஜரையும் நீங்கள் ஒருநாளும் பொறுத்துக்கொண்டதில்லை. இதனால்தான் நேரில் மேடம் என்றும் முதுகுக்குப் பின்னால் கொக்கி அக்கா என்றும் உங்களை அழைத்தோம். பின்னதுதான் எங்களுக்கு வாய்க்கு வந்தது.

இந்தப் பெயர் உங்களுக்குத் தெரியாது என்றே நம்பியிருந்தோம். சென்ற மாதம் உங்கள் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தீர்களே, அன்றுதான் குட்டு உடைந்தது. கதவைத் திறந்த உங்கள் மகள் உள்ளே திரும்பி, "அம்மா, கொக்கி அக்காவோட ஆளுங்க வந்துட்டாங்க" என்றாள். எங்களுக்கு உள்ளே போவதா திரும்பி ஓடுவதா என்று புரியவில்லை. சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது உங்கள் கணவர் எங்கள் பக்கம் சாய்ந்து, "கல்யாணத்தன்னிக்கு மண்டபத்துல தொங்கின விளக்கோட கொக்கியத்தான் இவ மொதல்ல பாத்தா. அது சரியா இருக்குன்னு தெரிஞ்ச அப்புறம்தான் என்னைப் பாத்தா" என்றார். நீங்கள் மறுக்கவில்லை. "அந்த விளக்கு உங்க தலைக்கு நேரா தொங்குச்சு" என்று மட்டும் சொன்னீர்கள்.

காலை எப்படியோ மாலையும் அப்படியே. வேலை முடிந்தால் கிரேனின் நீண்ட கையைப் பூட்டிவைக்கக் கூடாது, திரும்பும் பிரேக்கைத் தளர்த்திவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்பது உங்கள் கட்டளை. பூட்டிவைத்தால் காற்று முழு வேகத்தோடு பக்கவாட்டில் மோதிக் கிரேனையே சாய்த்துவிடும். தளர்த்திவிட்டால் காற்று போகும் பக்கம் தானாகத் திரும்பிக்கொண்டு நிமிர்ந்து நிற்கும். புதிதாக வந்த மேனேஜர் ஒரு மாலை இதைப் பார்த்துவிட்டு, "யோவ், மேல ஆளே இல்ல, கிரேன் சுத்துது" என்று அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தார். நீங்கள் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "சுத்தட்டும் சார். பகல் பூரா நாம சொன்ன பக்கம் திரும்புச்சு, இப்ப அது இஷ்டத்துக்குத் திரும்பட்டும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனீர்கள். மேனேஜர் வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

வாய்மை வழுவாத வல்லமையே! உங்கள் புகழ் பாடப் பல நாட்கள் உண்டு. ஆயினும் இத்தளத்தில் உள்ள ஒவ்வொருவரும், "அதை எழுதினியா, அதை எழுதினியா" என்று என்னைத் துளைத்தெடுத்தது ஒரே ஒரு நாளைப் பற்றித்தான். இதோ, எழுதிவிட்டேன்.

விருந்தினராக வந்திருப்போருக்காக முதலில் ஒன்று. கிரேன் வேலையில் கை அசைவே மொழி. சிக்னல்மேன் இரு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துப் பிடித்தால் அதற்கு ஒரே பொருள்: எல்லாவற்றையும் நிறுத்து, பிரேக்குகளைப் பூட்டு. அதற்குமேல் எங்கள் தளத்தில் ஆய்வாளர் அம்மா ஒரு விதி சேர்த்திருந்தார். கை கோத்து நிறுத்திய கிரேனை அவர் வந்து பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தும் வரை யாரும் அசைக்கக் கூடாது.

அன்று முதலாளி விருந்தினரோடு கட்டடம் பார்க்க வருகிறார். நான் வார்த்து முடித்த கான்கிரீட் சுவரொன்றை முன்முற்றத்திலிருந்து தூக்கிக் கட்டடத்தின் பின்பக்கம் கொண்டுபோகிறேன். பின்பக்கத் தரை என் கூண்டிலிருந்து தெரியாது. சுவர் உயர்ந்ததும் மீசை மூலைக்கு நடந்துபோய், அங்கிருந்து எனக்கு வழிகாட்ட வேண்டும். நீங்களோ தளத்தின் மறுகோடியில் இன்னொரு கிரேனுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறீர்கள். வெயில் கடுமை என்று விருந்தினரின் நாற்காலிகளைப் பின்பக்கத்து நிழலுக்கு மாற்றச் சொல்லியிருந்தார் மேனேஜர். நாற்காலி போட இடைஞ்சலாக இருந்ததால் ஆள் நுழையாதிருக்க நீங்கள் கட்டிய சிவப்பு நாடாவையும் அவிழ்த்துப் போட்டிருந்தார்கள். இது எனக்கும் தெரியாது, மீசைக்கும் தெரியாது.

மீசை மூலைக்குப் போகும் வழியில் முதலாளி எதிரே வந்துவிட்டார். சட்டென்று நின்றார் மீசை. இரு கைகளும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டன. முதுகு லேசாக வளைந்தது.

வளைந்த முதுகு கூண்டுக்குத் தெரியாது, கோத்த கைதான் தெரியும். நிறுத்தினேன். பூட்டினேன். சுவர் அந்தரத்தில் நின்றது.

வாக்கி டாக்கியில் மேனேஜர் கொதித்தார். "ஏன்யா நிறுத்துன? முதலாளி பாத்துட்டிருக்காரு, எடு."

"மீசை கை கோத்துட்டாரு சார். மேடம் வராம எடுக்க மாட்டேன்."

"அவன் மரியாதைக்குக் கை கட்டிட்டு நிக்கறான்யா. அது உனக்கு சிக்னலா?"

"அவரு மனசு எனக்கு இங்கிருந்து தெரியல சார், கைதான் தெரியுது."

நீங்கள் வந்தீர்கள், அம்மையீர். யார் நிறுத்தியது, ஏன் நிறுத்தியது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொலைநோக்கியை எடுத்து முதலில் சுவரைப் பார்த்தீர்கள். அதைத் தாங்கிய பெல்ட்டுக்கும் சுவரின் கூர்முனைக்கும் நடுவே வைத்திருந்த ரப்பர் மெத்தை நழுவிப் போயிருந்தது, முனை பெல்ட்டைத் தின்றுகொண்டிருந்தது. பிறகு சுவர் போகவிருந்த வழியைப் பார்க்க மூலைக்கு நடந்தீர்கள். அங்கே நிழலில் வரிசையாக நாற்காலிகள், நாற்காலிகளில் விருந்தினர், சிலர் மடியில் குழந்தைகள்.

நீங்கள் கத்தவில்லை. "எல்லாரும் எந்திரிச்சு ரோட்டுப் பக்கம் போங்க. சார், நீங்களும்தான். பேச்செல்லாம் அப்புறம்" என்றீர்கள். முதலாளியை அந்தத் தொனியில் யாரும் அழைத்து நாங்கள் கேட்டதில்லை. அவர் போனார். பிறகு முன்முற்றத்தைக் காலிசெய்துவிட்டு, நீங்களே எனக்குக் கை காட்டத் தொடங்கினீர்கள். நெம்புகோலை இம்மி இம்மியாக நகர்த்தினேன். "அவசரமே இல்லப்பா. இன்னிக்குப் பூரா எடுத்துக்கோ" என்று காதில் உங்கள் குரல் மட்டும் வந்துகொண்டே இருந்தது. சுவர் தரையைத் தொட்ட பிறகு கழற்றிய பெல்ட்டில் பாதி அகலம் இல்லை.

அந்த பெல்ட்டை முதலாளியின் கையில் கொடுத்தீர்கள். அவர் பெல்ட்டைப் பார்த்தார், நாற்காலிகள் இருந்த பக்கம் பார்த்தார், கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் இது நல்வாய்ப்பு பற்றிய கதையாகவே போயிருக்கும். மேனேஜர் விடவில்லை. எதற்காக நிறுத்தினாய் என்று மீசையை எல்லார் முன்னிலும் கேட்டார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் உண்மையையே சொன்னார். "முதலாளியப் பாத்ததும் கை தானா சேந்துடுச்சு சார்." சிலர் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. சும்மாவே கிரேனை நிறுத்துகிறவன், பாரம் மேலே இருக்கும்போது பார்வையைத் திருப்புகிறவன், இவனை இன்றே தூக்கிவிடுகிறேன் என்றார். மீசையின் வீட்டில் அப்போதுதான் இரட்டைப் பெண்குழந்தைகள் பிறந்திருந்தார்கள். அவர் முகத்தை நான் மேலிருந்து பார்க்கவில்லை, அதற்குள் இறங்கி வந்திருந்தேன். அவர் கைகள் மறுபடியும் கோத்தபடியே இருந்தன.

அப்போது நீங்கள் சொன்னவற்றை இங்கே ஓர் எழுத்துக் குறையாமல் எழுத வேண்டும் என்பது எங்கள் அனைவரின் தீர்மானம்.

"பார்வையத் திருப்பினது தப்பு. அதை நான் அவர்கிட்டப் பேசிக்கறேன். ஆனா நிறுத்தினதுக்கு அவரைத் தண்டிச்சா, நாளைக்கு நெஜமா ஆபத்து வரும்போது ஒருத்தனும் கை கோக்க மாட்டான். தப்பா நிறுத்திட்டா வேலை போயிடுமோன்னு யோசிப்பான். அவன் யோசிக்கற நேரத்துல எல்லாம் முடிஞ்சிடும். இந்த எடத்துல எதைத் தூக்கலாம் எதைத் தூக்கக் கூடாதுன்னு சொல்றதுதான் என் வேலை. இவரைத் தூக்கக் கூடாது. தூக்குனா, நாளைலேருந்து எந்தக் கிரேனுக்கும் என் கையெழுத்து கிடையாது."

முதலாளி பெல்ட்டை மடித்து மேனேஜரிடம் கொடுத்துவிட்டு, "அம்மா சொல்றபடி செய்யுங்க" என்றார். நீங்கள் மீசையின் பக்கம் திரும்பி, "கையைக் கீழ விடுங்க. கிரேன் நின்னுடப் போவுது" என்றீர்கள். அவர் கையைக் கீழே விட்டார். அப்புறம்தான் அழுதார்.

மறுநாள் நுழைவாயிலில் உங்கள் கையெழுத்தில் ஒரு பலகை ஏறியது: "இங்கே யார் முன்னும் கை கோத்து நிற்காதீர். கிரேன் நின்றுவிடும்." வருகிறவர்கள் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். நாங்களும் முதலில் சிரித்தோம். பிறகு கம்பி கட்டுகிறவர், கலவை சுமக்கிற அக்கா, லாரி டிரைவர் என்று எல்லோரும் மேனேஜர் முன்னால் கைகளைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நின்று பேசத் தொடங்கினார்கள். ஏனென்று கேட்டால் ஒரே பதில்: "விதி சார், கிரேன் நின்னுடும்." கூலி குறைந்தால் கேட்டார்கள், கையுறை கிழிந்தால் கேட்டார்கள். பாதுகாப்பு விதியென்ற பெயரில் எங்கள் முதுகெலும்பையும் நீங்கள் சரிபார்த்துவிட்டீர்கள், அம்மையீர். அதை வேண்டுமென்றுதான் செய்தீர்களா என்று இன்றுவரை உங்களிடம் கேட்கத் துணிவு வரவில்லை. மீசை மட்டும் இன்றும் பெரிய மனிதர் யாரைக் கண்டாலும் கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்கிறார். அதைத் திமிர் என்று நினைப்போருக்கு இம்மடல் விளக்கமாக அமையட்டும்.

நிறைவான பணி முடித்து நிமிர்ந்து நடக்கும் நேரியரே! நாளை காலை "காத்து எவ்வளவு?" என்று கேட்க நீங்கள் வரமாட்டீர்கள். எங்களுக்கு அது வருத்தந்தான், மறைத்துப் பயனில்லை. உங்களை இங்கேயே பூட்டிவைத்தால் என்ன என்றுகூட ஆலோசித்தோம். ஆனால் வேலை முடிந்த கையைப் பூட்டக் கூடாது, பிரேக்கைத் தளர்த்திவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவரே நீங்கள். எனவே, பகல் பூரா நாங்கள் அழைத்த பக்கமெல்லாம் திரும்பிய நீங்கள் இனி உங்கள் இஷ்டம்போல் திரும்புவீராக. நோயின்றி, நொடியின்றி, வீட்டு மின்விசிறிகளைத் தவிர வேறெதையும் ஆய்வு செய்யும் கட்டாயமின்றி, கணவரோடும் மகளோடும் நெடுங்காலம் நிறைவாக வாழ்வீராக.

விடைபெறும் முன் ஒரே ஒரு விதிமீறலுக்கு அனுமதி வேண்டுகிறோம். இதோ, ஆபரேட்டர்கள், பெல்ட் மாட்டுகிறவர்கள், கம்பி கட்டுகிறவர்கள், கோபம் தணிந்த ஸ்டோர் கீப்பர் அண்ணன், பின்வரிசையில் மேனேஜர், எல்லோரும் எழுந்து வயிற்றுக்கு முன்னால் கை கோத்து நிற்கிறோம். விருந்தினருக்கு இது மரியாதையாகத் தெரியும், அதுவும் பொய்யில்லை. உங்களுக்கு மட்டும் இதன் முழுப் பொருள் தெரியும்: எல்லாம் நின்றுவிட்டது, நீங்கள் வந்து பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தாமல் இங்கே எதுவும் அசையாது.

ஒருவர் மட்டும் இன்னும் கை கோக்கவில்லை. அவர் கையில் இந்தத் தாள் இருக்கிறது. கடைசி வரியை வாசித்ததும் இதை மேசைமேல் வைத்துவிட்டு அவரும் கோப்பார். இம்முறை அது தானாகச் சேர்ந்த கை அல்ல, அவராகச் சேர்த்த கை. அதன் பிறகு உங்கள் கட்டைவிரலுக்காகக் காத்திருப்போம், அம்மா. அவசரமே இல்லை, இன்றைக்குப் பூரா எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
கை கோத்தபடி,
உங்கள் கிரேன் பிரிவினர்