தாழ்ப்பாள் இல்லாத வார்டு

நஞ்சன்கூட்டிலிருந்து மைசூர் வரும் பேருந்தில், ஃபாக்டரி சீருடைச் சேலை கட்டிய இரண்டு பெண்கள் என் முன் இருக்கையில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"அந்த வார்டுக்குத் தாழ்ப்பாளே இல்லேக்கா" என்றாள் இளையவள். நான் ஜன்னலிலிருந்து பார்வையைத் திருப்பினேன்.

"மனசு சரியில்லாதவங்களோட வார்டுக்கா?" என்றாள் மூத்தவள்.

"ஆமா. சர்க்கார் பணம் கொடுத்து நம்ம ஊர் ஆஸ்பத்திரியிலேயே புதுசா கட்டியிருக்காங்க. முன்னெல்லாம் எங்கண்ணனுக்கு முத்திடுச்சுன்னா, கையைக் கட்டி ஜீப்பிலே பெங்களூருக்குத்தான் கொண்டுபோவோம்."

"தாழ்ப்பாள் இல்லேன்னா ஓடிட மாட்டாரா?"

"ஓடித்தான் வந்தாரு. வீட்டிலே உட்கார்ந்து சாப்பிட்டாரு. அப்புறம், 'எனக்கு இன்னும் சரியாகலே, திரும்பப் போகலாம் வா'ன்னாரு."

மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள். "கட்டாமலா கூட்டிட்டுப் போனே?"

"நான் எங்கேக்கா கூட்டிட்டுப் போனேன்? அவரு சைக்கிள் மிதிச்சாரு. நான் பின்னாலே உட்கார்ந்துகிட்டேன்."