அப்பாவுவின் போனில் மட்டும்

ஒரு இணையப் பக்கம் எல்லாருடைய போனிலும் ஒரே மாதிரிதான் தெரியும் என்று பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்கள், மேடம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எல்லாவற்றையும் எழுதித் தரச் சொல்லித் தாள் கொடுத்திருக்கிறீர்கள். சுருக்கமாக எழுதுகிறேன். தொழில் விஷயம் கொஞ்சம் வரும். நடந்தது அதற்குள்தான் இருக்கிறது.

என் பெயர் அருள்பாண்டி. ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தேன். ஒரகடத்தில் ஒரு பிரியாணிக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். சுற்றியிருக்கிற கம்பெனிகளுக்கு வேண்டிய இணையப் பக்கங்களைச் செய்து கொடுப்போம். ஷிப்ட் மாற்றுவது, பஸ்ஸில் இடம் பிடிப்பது, கேன்டீன் டோக்கன், இந்த மாதிரி. முதலாளி பிரசன்னா என் வயதுக்காரன், படப்பைக்காரன்.

பக்கத்தில் எது மேலே நிற்க வேண்டும், எது கீழே, நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதையெல்லாம் சி.எஸ்.எஸ். என்ற மொழியில் எழுதுவோம். அதில் ஒரு விசேஷம் உண்டு. தனக்குப் புரியாத வரி வந்தால் பிரவுசர் சத்தம் போடாது. நிற்காது. அதைத் தாண்டிப் போய்விடும். புது போன் அந்த வரியைப் படித்து நடக்கும், பழைய போன் தாண்டிப் போகும். இரண்டு பேர் ஒரே முகவரியைத் திறந்து வேறு வேறு பக்கத்தைப் பார்ப்பார்கள். தான் பார்ப்பதுதான் பக்கம் என்று இரண்டு பேருமே நினைப்பார்கள்.

இதற்குத் தீர்வு சுலபம். புது வரிக்கு முன்னால் பழைய முறையில் ஒரு வரி எழுதி வைத்தால் போதும். பழைய பிரவுசர் அதை எடுத்துக்கொள்ளும். சரிபார்ப்பதற்காக மேஜை இழுப்பறையில் பழைய போன்கள் வைத்திருந்தேன். பிரசன்னா கேலி செய்வான்.

"இன்னாடா பாண்டி, மியூசியம் வெச்சிகினு கீற? இந்த போன்லாம் இப்ப எவன் கைல கீது? மேனேஜர் புது போன்ல பாப்பான், ஓகேன்னுவான், நம்ம போய்கினே இருக்கலாம்."

அவன் சொன்னது தவறில்லை. புது பிரவுசர்களுக்கு மட்டும்தான் நாங்கள் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே போட்டிருப்போம்.

என் மனைவி சந்திரலேகா. வேதியியல் படித்தவள். பல கம்பெனிகளின் கழிவுநீரை வாங்கிச் சுத்தம் செய்கிற நிலையம் ஒன்றில், லேபில் வேலை பார்த்தாள். அவளுடைய ஷிப்ட் சூப்பர்வைசர் அப்பாவு. அந்த நிலையத்துக்கு அவுட்பாஸ் பக்கம் செய்து கொடுத்தது நான். ஷிப்ட் நடுவில் வெளியே போக வேண்டியவர் தன் போனில் அவுட்பாஸ் போட வேண்டும். சூப்பர்வைசர் தன் போனில் பார்த்து அனுமதிக்க வேண்டும். அனுமதி வராமல் கேட் திறக்காது.

அன்று சந்திராவுக்கு வயிற்று வலி. அவுட்பாஸ் போட்டுவிட்டு, கேட்டுக்குப் பக்கத்தில் செக்யூரிட்டி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, வலி தாங்க முடியல. போட்டு ரொம்ப நேரமாச்சு, அவுக பாக்கல போல. நேரா போன் பண்ணிக் கேக்கட்டுமா?"

"வேண்டாம்ளா, அந்தாளு எரிஞ்சு விழுவாரு. நான் செஞ்ச பக்கந்தான, போயிருக்கும். பாத்துட்டுக் குடுப்பாரு. செத்த நேரம் உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். நான் சொன்னால் கேட்பாள். கருக்குழாயில் கரு தங்கி, குழாய் வெடித்து, வயிற்றுக்குள் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. கர்ப்பம் என்பதே எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. அவள் பெஞ்சிலிருந்து சாய்ந்த பிறகு செக்யூரிட்டி அனுமதிக்குக் காத்திருக்காமல் கேட்டைத் திறந்திருக்கிறார். ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் முடிந்துவிட்டது.

காரியங்கள் முடிந்து நான் ஊரிலிருந்து திரும்பியதும் அப்பாவு என் அறைக்கு வந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டும் உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றார்.

"தம்பி, மாதா மேல சத்தியமா எனக்கு ஒண்ணும் வர்ல பா. போன கைலயேதான் வெச்சிகினு இருந்தேன். வந்திருந்தா உடாம இருப்பனா? எனக்கும் பொண்ணு கீது. நீ படிச்சவன், நீயே பாரு."

போனை நீட்டினார். மகளின் ஆன்லைன் வகுப்புக்காக எப்போதோ வாங்கியது. என் போனிலிருந்து சோதனைக்காக ஒரு அவுட்பாஸ் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு அவுட்பாஸும் ஒரு கட்டத்துக்குள் வரும். என் போனில் அந்தக் கட்டம் எல்லாவற்றுக்கும் மேலே வந்து நின்றது. அவர் போனிலும் வந்தது. ஆனால் பக்கத்தின் உச்சியில் ஒட்டி நிற்கும் நீலப் பட்டைக்கு அடியில் போய் மறைந்துகொண்டது. பட்டைக்குக் கீழே இடம் விடச் சொல்கிற வரி புது முறையில் இருந்தது. அவர் பிரவுசர் அதைத் தாண்டிப் போயிருந்தது. முன்னால் இருக்க வேண்டிய பழைய முறை வரி அங்கே இல்லை. விரலால் எவ்வளவு இழுத்தாலும் அந்தக் கட்டம் வெளியே வராது. அடுத்து ஒருவர் அவுட்பாஸ் போட்டால்தான் முந்தையது கீழே இறங்கிக் கண்ணில் படும். அன்று சந்திராவுக்குப் பிறகு யாரும் போடவில்லை.

அப்பாவு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன்ல சரியாத்தான் வந்திருக்கு. நீங்கதான் கவனிக்கல" என்றேன்.

"வந்து கீதா? எனக்குத் தெரியலியே பா."

"எனக்குத் தெரியுது."

அவர் நம்பினார். படித்தவன் சொன்னால் நம்புகிற ஆள். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தார்.

"அப்ப நான்தானா" என்றார்.

"ஆமா" என்றேன். எனக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் சாப்பிட முடிந்தது.

மறுநாள் அவுட்பாஸ் பக்கத்தில் அந்த வரியைச் சேர்த்தேன். இனி யாரும் அப்படி உட்கார்ந்திருக்கக் கூடாது அல்லவா.

அதற்குப் பிறகு அப்பாவு வேறு ஆளாகிவிட்டார். நான் வேலையாக அங்கே போகும்போதெல்லாம் பார்ப்பேன். டீ குடிக்கும்போதும் போனை எடுத்து அவுட்பாஸ் பக்கத்தைப் பார்ப்பார். ஒப்பந்தத் தொழிலாளி பிச்சையா வாயை அடக்க மாட்டார்.

"இன்னா மேஸ்திரி, போன்ல பொண்ணு பாக்கறியா? எனக்கும் ஒண்ணு பாரேன்."

அப்பாவு சிரிப்பதில்லை. இன்னொன்றும் மாறியிருந்தது. முன்பெல்லாம் சேற்றுத் தொட்டியில் அடைப்பெடுக்க ஆட்களை இறக்கிவிட்டு மேலே நிற்பார். இப்போது முதலில் அவரே இறங்கினார். யார் தடுத்தாலும், "ஒரு உசுரு போனது போதும்" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மனைவி லூர்தம்மாள் எனக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்புவார். நன்றாக இருக்கும். தூக்குவாளியை நான்தான் கழுவித் திருப்பிக் கொடுப்பேன்.

பிறகு அதே நிலையத்திலிருந்து இன்னொரு பக்கம் கேட்டார்கள். தொட்டிக்குள் விஷவாயுவை அளக்கும் கருவி பொருத்தியிருந்தார்கள். அது சொல்வது எல்லாருடைய போனிலும் தெரிய வேண்டும். கையில் பிடித்துப் பார்க்கிற பழைய மீட்டர் ரிப்பேருக்குப் போய்த் திரும்பவே இல்லை. பக்கம் இருக்கும்போது அது எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

நான் செய்த பக்கம் எளிமையானது. தொட்டியில் வாயு இருந்தால் எல்லாவற்றுக்கும் மேலே உள்ள கட்டத்தில் சிவப்பில் 'இறங்காதே' என்று வரும். அதற்குக் கீழே பம்ப், நீர்மட்டம், மின்சாரம். அவை ஒழுங்காக இருந்தால் பச்சை.

பழைய முறை வரியை எழுதினேன். அப்பாவுவிடம் இருந்த அதே மாதிரி போன் என் இழுப்பறையில் ஒன்று இருந்தது. அதில் திறந்தேன். சிவப்பு பளிச்சென்று தெரிந்தது. வரியை எடுத்துவிட்டு மறுபடி திறந்தேன். சிவப்பு நீலப் பட்டைக்கு அடியில் போனது, பச்சை மட்டும் தெரிந்தது. அப்படியே அனுப்பிவைத்தேன். அந்த நிலையத்தில் வேறு யாரிடமும் அவ்வளவு பழைய போன் இல்லை என்று முன்பே விசாரித்திருந்தேன். தேவையில்லாமல் யாருக்கும் எதுவும் ஆகக் கூடாது.

சொல்லிக் கொடுக்கவும் நான்தான் போனேன். எல்லாரும் கலைந்த பிறகு அப்பாவு நின்றார்.

"சேப்பு வந்தா எறங்கக் கூடாது. பச்சையா இருந்தா எறங்கலாம். அவ்ளோதான தம்பி?"

"அவ்வளவுதான்."

"மூக்குல நாத்தம் அட்ச்சா?"

"மூக்க நம்பாதீங்க. பக்கத்த நம்புங்க."

சரி என்று தலையாட்டினார். பாடம் படிக்கிற பிள்ளை மாதிரி அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

அதன் பிறகு எனக்கு வேலை எதுவும் இருக்கவில்லை. மழை விட்ட ஒரு காலையில் சேற்றுத் தொட்டியின் பம்ப்புக்கு வரும் குழாய் அடைத்துக்கொண்டது. மூடியைத் திறந்ததும் நாற்றம் அடித்திருக்கிறது. பிச்சையா தடுத்திருக்கிறார். செக்யூரிட்டி உங்களிடம் சொன்னதுதான் இதெல்லாம். அப்பாவு போனை எடுத்துக் காட்டியிருக்கிறார்.

"பார்றா, பச்ச. தம்பி செஞ்சது, தப்பாவாது."

போனைச் செக்யூரிட்டி கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். ஏணியின் பாதியிலேயே பிடி விட்டுப்போனது. அவரைத் தூக்கப் பிச்சையா பின்னாலேயே குதித்தார். இரண்டு பேரின் உடலையும் கயிறு கட்டித்தான் எடுத்தார்கள். பிச்சையாவின் போன் புதியது. திறந்திருந்தால் சிவப்பைப் பார்த்திருப்பார். அவர் போனை எடுக்கவில்லை. அதற்கு நான் பொறுப்பாக முடியாது.

விசாரணைக்கு வந்தவர்கள் தங்கள் போன்களில் பக்கத்தைத் திறந்தார்கள். எல்லாவற்றிலும் சிவப்பு. பச்சை என்று அப்பாவு காட்டியதாகச் செக்யூரிட்டி சொன்னது எடுபடவில்லை. சூப்பர்வைசர் எச்சரிக்கையைப் பார்க்காமல் இறங்கிவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

லூர்தம்மாள்தான் விடவில்லை. "சோறு துன்னும்போதுகூட அதையே பாத்துகினு கீற மனுசன், பாக்காம எறங்குவாரா?" என்று அந்தப் போனை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினார். கடைசியில் ஒரு அதிகாரி அந்தப் போனிலேயே பக்கத்தைத் திறந்து பார்த்தார். எங்களைக் கூப்பிட்டார்கள். பிரசன்னா ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினான். அறிக்கையில், பழைய பிரவுசரில் சரிபார்க்கத் தவறிய கவனக்குறைவு என்று எழுதினார்கள்.

அடுத்த நாள் லூர்தம்மாள் எங்கள் மாடிக்கு ஏறி வந்தார். பிரசன்னா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நான் எழுந்து நின்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். என் தலையைத் தடவினார்.

"நீ இன்னா வேணும்னா பண்ண? எங்க வூட்டுக்காரரு கண்ணு தவறி உன் பொஞ்சாதிய உட்டாரு. நீ கை தவறி அவர உட்ட. மாதா பாத்துப்பாங்க, உடு. சாப்ட்டியா?"

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தேன்.

எனவே, மேடம், உங்கள் கோப்பில் கவனக்குறைவு என்று இருப்பதை அடித்துவிடுங்கள். அப்பாவுவைத் தெரிந்தே கொன்றேன். பிச்சையாவையும் சேர்ப்பதானால் சேர்த்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் கை தவறி ஒரு வரியை விட்டுவிடுகிற ஆள் நான் இல்லை. இதுவரை ஒரு தடவைகூட அப்படி விட்டதில்லை. விட்டிருந்தேன் என்றால், அப்பாவுவை நான் எதற்காகக் கொல்ல வேண்டும்?