கை எவ்வளவு, வெள்ளைமுடி எவ்வளவு

எனக்குச் சர்க்கரை போடாத காபிதான் பழக்கம், மேடம். ஆனாலும் நீங்கள் ஸ்டேஷனுக்கு வரவழைத்துக் கொடுத்ததை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டேன். நடந்ததைக் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். நீங்கள் கொள்ளேகால் பக்கம், தமிழ் வாசிப்பேன் என்றதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

என் பெயர் பரத்வாஜ். வயது முப்பத்திரண்டு. அப்பா ரயில்வே உத்தியோகமாக மைசூருக்கு வந்தவர். நான் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் சோதிக்கிறவன். கோளாறு வந்தால் காரணம் இதுவா அதுவா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். ஒன்றை அப்படியே வைத்துவிட்டு மற்றொன்றை மாற்றிப் பார்ப்பேன். அவ்வளவுதான் வேலை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மஞ்சுநாத்தின் கேம் சென்டருக்குப் போவேன். அங்கே ஆடுவது சண்டை கேம். ஆளுக்கொரு கேரக்டரைத் தேர்ந்தெடுத்து மோதவிட வேண்டும். எல்லாக் கேரக்டரும் சமம் இல்லை. வெள்ளைமுடி என்று நாங்கள் கூப்பிடும் பெண் வேகமானவள், எட்ட நின்றே அடிப்பாள். சம்மட்டி என்பவன் மெதுவாக நகர்வான், பாதி அடி காற்றில் போகும். ஆகவே ஒருவர் ஜெயித்தால் ஜெயித்தது அவர் கையா, கேரக்டரா என்ற கேள்வி எப்போதும் உண்டு. எங்கள் சென்டரில் அதைத் தீர்த்துச் சொல்கிறவன் நான். ஒவ்வொருவருக்கும் கை இத்தனை, கேரக்டர் இத்தனை என்று பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டுவேன். யாரும் மறுத்ததில்லை.

ஆறு வருடமாக நான் சம்மட்டியை மட்டுமே எடுத்தேன். தோற்றால், "பரத் கைல தப்பில்ல, சம்மட்டி அவ்ளோதான்" என்பார்கள். பட்டியலில் என் கைக்குத்தான் முதல் இடம்.

பொங்கல் முடிந்து சக்தி வந்தாள். உங்கள் கொள்ளேகாலை அடுத்த ஹனூர்க்காரி, இருபத்திரண்டு வயது, தொழிற்பேட்டையில் ஒரு ஃபேக்டரியில் வேலை. வெள்ளைமுடியை எடுத்து மூன்றே ஞாயிறில் எல்லோரையும் தோற்கடித்தாள். கேரக்டர் எழுபது, கை முப்பது என்று எழுதி ஒட்டினேன். அவள் கோபப்படவில்லை.

"அப்பிடீங்களாண்ணா? அப்ப மாத்தி ஆடிப் பாக்கலாமுங்க. சம்மட்டிய எனக்குக் குடுங்க, நீங்க வெள்ளமுடிய எடுத்துக்கோங்க."

பத்து ஆட்டம் ஆடினோம். பத்திலும் அவளே ஜெயித்தாள். சம்மட்டியால் அப்படியெல்லாம் நகர முடியும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. பின்னால் நின்றவர்கள் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மட்டும் மற்றவர் காதில் விழாதபடி குனிந்து சொன்னாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா. நீங்க பயந்துட்டே ஆடறீங்க. நான் அடிக்கிறதுக்கு முன்னாலயே பின்னால போயிடறீங்க."

அதற்குப் பிறகு எனக்கு விரல் நடுங்க ஆரம்பித்தது. ஆபீசில் கீபோர்டைத் தொட்டால் நடுங்கும். பஸ்ஸில் யாராவது திரும்பிப் பார்த்தால் அவருக்கும் தெரிந்துவிட்டது என்று தோன்றும். பயப்படுகிறவன் தப்பாக முடிவெடுப்பான், மேடம். அதனால்தான் நான் அவசரப்படவில்லை. என் தொழில் முறைப்படி சோதித்தேன்.

முதலில், பொத்தான் ஒட்டிக்கொள்ளும் கன்ட்ரோலரை அவளுக்குக் கொடுத்தேன். ஜெயித்தாள். அடுத்த வாரம் தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரை இரண்டைப் பொடித்து அவள் காபியில் கலந்தேன். கண் சொருகச் சொருக ஆடி ஜெயித்தாள். திரும்பிப் போகிற வழியில் ஸ்கூட்டி சறுக்கி விழுந்தாளாம். அது சோதனைக்கு வெளியே நடந்தது, குறித்துக்கொள்ளவில்லை.

கேரக்டரை அப்படியே வைத்துவிட்டு ஆளைக் குறைக்க வேண்டும். நான் போதிய அளவு குறைக்கவில்லை. அதுதான் பிழை.

போன ஞாயிறு மத்தியானம் மஞ்சுநாத் சாப்பிடப் போயிருந்தான், சாவி என்னிடம் இருந்தது. கூட்டம் இல்லாதபோது ஆடலாம் என்று சக்தியை வரச் சொல்லியிருந்தேன். அந்த ஷட்டரின் ஸ்பிரிங் போய் மாதக்கணக்காகிறது, இரும்புக் கம்பியை முட்டுக் கொடுத்துத்தான் நிறுத்துவோம். அவள் உள்ளே வந்ததும் முழங்கால் உயரத்துக்கு இறக்கிக் கம்பியை வைத்தேன். சாவிக்கொத்தை வாசலுக்கு வெளியே நழுவவிட்டேன்.

"சக்தி, அதக் கொஞ்சம் எடும்மா."

அவள் வலது கையில் போன் இருந்தது. அதற்காகத்தான் காத்திருந்தேன். கேரக்டரை நகர்த்துவது இடது கை. குனிந்து இடது கையை நீட்டினாள். சாவியை எட்டியதும் கம்பியைக் காலால் தட்டினேன்.

ஷட்டரைக் கொஞ்சம் தூக்கி அவள் கையை உள்ளே எடுத்துவிட்டு, மறுபடி முழுவதும் இறக்கினேன். மூன்று விரல்கள் நசுங்கியிருந்தன. அவளை நாற்காலியில் உட்காரவைத்து, என் கைக்குட்டையை இறுக்கிக் கட்டினேன். நான் இரக்கமில்லாதவன் அல்ல.

"அண்ணா, ஆஸ்பத்திரிக்குப் போலாங்கண்ணா. தாங்க முடியலீங்க."

"போலாம்மா. ஒரே ஒரு ஆட்டம். முடிஞ்சதும் தொறக்கறேன்."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மூடிய ஷட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். "நான் என்னங்கண்ணா பண்ணுனேன்?" என்றாள். இத்தனை வாரம் நான் சுமந்த பயம் அவள் முகத்தில் அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் என் விரல் நடுக்கம் நின்றுவிட்டது.

வெள்ளைமுடியை நானே அவளுக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். நான் சம்மட்டி. கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு வலது கையால் அடித்தாள், நகர வேண்டியபோது அதே கையை இடப்பக்கம் கொண்டுபோனாள். அழுதுகொண்டே ஆடினாள். சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் வெளியே போகலாம் என்று நினைத்திருப்பாள். ஜெயித்துவிட்டாள்.

இதை நீங்கள் கவனிக்க வேண்டும், மேடம். கை போன பிறகும் ஜெயிக்க முடிகிறது என்றால் ஜெயித்தது யார்? எழுபது என்று முதலிலேயே எழுதியவன் நான். இப்போது தொண்ணூறு என்று திருத்தியிருக்கிறேன்.

மஞ்சுநாத் வந்து, வெளியே கிடந்த சாவியைப் பார்த்து ஷட்டரைத் தூக்கினான். "ஏனோ பரத் இது, என்னடா இது? பொண்ணு கைல இவ்ளோ ரத்தம், நீ கேம் ஆடிட்டு இருந்தியா?" என்றான். அவளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினான். இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள் என்பது நீங்கள் சொல்லித்தான் தெரியும். கம்பி தானாகச் சரிந்தது என்று காலையில் உங்களிடம் சொன்னேனே, அது பொய். தட்டியது நான்தான்.

வலது கை மிச்சம் இருந்ததே, ஜெயித்தது அந்தக் கையாக இருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எனக்கும் அதே சந்தேகம் வந்து, ஷட்டரை மறுபடி முழங்கால் உயரத்துக்குத் தூக்கக் குனிந்தபோதுதான் மஞ்சுநாத் வந்துவிட்டான்.