அது ‘ம’ இல்லை

எங்கள் கடைவீதியில் மதியச் சாப்பாட்டுக்குக் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிற ஆள் நான் ஒருவன்தான். மற்றவர்கள் கல்லாப் பக்கத்திலேயே டிபன் பாக்ஸைத் திறந்து, ஒரு கண் சாப்பாட்டிலும் ஒரு கண் வாசலிலுமாக விழுங்கி முடிப்பார்கள். நான் ஷட்டரை இறக்கி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு நடப்பேன்.

“பொண்டாட்டி முகத்தப் பாக்காம ஒரு வேளைச் சோறு தொண்டையில இறங்காதா உனக்கு?” என்று எதிர்க்கடைப் பூட்டு வியாபாரி கேட்பான்.

இறங்காது என்பேன். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நீங்கள் சரியான கோணத்தில் பார்ப்பீர்கள், மேடம். கோணம் முக்கியம். என் தொழிலே அதுதான்.

நான் கண்ணாடிக் கடைக்காரன். முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை, மூக்கில் மாட்டுகிற கண்ணாடி. ஊரில் பாதிப் பேர் என் தயவில்தான் உலகத்தைப் பார்க்கிறார்கள். மீதிப் பேர் நடுவயது தாண்டியதும் வந்து சேர்வார்கள். அப்போதும் தங்கள் கண் கெட்டுவிட்டதென்று ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எழுத்துதான் சின்னதாகிவிட்டது என்பார்கள். நான் மறுத்துப் பேசுவதில்லை. “ஆமாங்க, இப்பல்லாம் பேப்பர்காரங்க மையை மிச்சம் பிடிக்கிறாங்க” என்பேன். வியாபாரத்தில் கொஞ்சம் ஒத்து ஊதத்தான் வேண்டும்.

என் மனைவியும் அப்படிக் கடைக்கு வந்தவள்தான். அவளுக்கு விழியின் வளைவிலேயே ஒரு கோணல். அதனால் தூரத்தில் இருப்பதும் கலங்கும், பக்கத்தில் இருப்பதும் கலங்கும். அந்தக் கோணலுக்கு எதிர்க்கோணலாக லென்ஸைத் திருப்பி வைத்தால் உலகம் நேராகிவிடும். தப்பாகத் திருப்பினால் கண்ணாடி போடாமலே இருப்பதைவிட மோசம். அன்றைக்கு நான் மிகச் சரியாகத் திருப்பி வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் முதலில் பார்த்தது என் முகத்தை. “அதுவரைக்கும் எல்லா ஆம்பளைங்களும் பிசைஞ்சு வச்ச மாவு மாதிரிதான் தெரிஞ்சாங்க. தெளிவாத் தெரிஞ்ச மொத ஆளையே கட்டிக்கிட்டேன், அவசரப்பட்டுட்டேன்” என்று விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். எங்கள் வீட்டில் சிரிப்புக்குக் குறைவே இருந்ததில்லை.

மகளுக்குக் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகுதான் வீடு பெரிதாகத் தெரிந்தது. மனைவி நன்றாகத் தைப்பாள். அவள் கையில் துணி நாய்க்குட்டி மாதிரி சொன்ன இடத்தில் உட்காரும். பக்கத்து ஊரில் ஒரு தையல் பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கே சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்கள்.

“போகட்டுங்களா?” என்று கேட்டாள்.

“தாராளமாப் போ” என்றேன். இதை அவளே உங்களிடம் சொல்லியிருப்பாள். தடுத்ததே இல்லை. நான் அந்த மாதிரி கணவன் இல்லை.

அவள் பஸ் ஏறிய முதல் நாள், மதியம் வீட்டுக்கு வந்தேன். சாப்பாடு மூடி வைத்திருந்தது. உப்பு குறைவாக இருந்தது. உப்பு டப்பா எந்த அலமாரியில் இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. எல்லாக் கதவையும் திறந்து பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டில்தான் இருக்கிறேன், உப்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் உப்பில்லாமலே சாப்பிட்டேன். சாப்பிட்ட தட்டைக் கழுவ வேண்டும் என்பது, அது சாயங்காலம் வரை அங்கேயே இருந்ததைப் பார்த்தபோதுதான் தோன்றியது.

சாயங்காலம் அவள் வந்தாள். முகம் கழுவக்கூட இல்லை, பேச ஆரம்பித்துவிட்டாள். எந்தப் பெண்ணுக்குக் கத்தரிக்கோல் பிடிக்க வரவில்லை, பஸ்ஸில் யார் என்ன சொன்னார்கள், கண்டக்டர் எப்படி நடந்தான் என்று நடித்தே காட்டினாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதில் ஒரு இடத்தில்கூட நான் வரவில்லை.

கொஞ்ச நாளில் பஸ் நெரிசலில் அவள் கண்ணாடி விழுந்து உடைந்துவிட்டது. நான்தான் புதிதாகச் செய்து கொடுத்தேன். லென்ஸ் சற்றுத் திரும்பிவிட்டது. கைத்தவறு. எந்தத் தொழிலிலும் நடப்பதுதான். அவளுக்குத் தலைவலி வந்தது, தரை மேடும் பள்ளமுமாகத் தெரிந்தது. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு என்னோடு கடையில் வந்து உட்கார்ந்தாள். நடக்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பூட்டு வியாபாரி பார்த்துவிட்டு, “புதுசாக் கல்யாணம் ஆன ஜோடி போகுது, வழி விடுங்கப்பா” என்று கத்தினான். வீதியே சிரித்தது. மேடம், அந்த முழங்கையை அன்று முழுவதும் நான் மடக்கவே இல்லை.

திருத்திக் கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன். நாளைக்குச் செய்யலாம் என்று தள்ளிப்போட்டேன். பிறகு, பழகிவிடட்டும் பார்ப்போம் என்று விட்டேன். அவளும் கெட்டிக்காரி, தலைவலியோடே மறுபடி பஸ் ஏறிவிட்டாள். அதனால் அடுத்த கண்ணாடியில் இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டியதாயிற்று. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். ஒரேயடியாகச் செய்தால் அவளுக்குச் சிரமம். சிரமம் கொடுப்பது என் நோக்கம் இல்லை.

கண் பரிசோதனையும் எங்களுக்குள்ளேயே முடிந்துவிடும், நான்தானே செய்கிறேன். கடையின் பின்னறையில் எழுத்துப் பலகை மாட்டியிருக்கிறது. மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்னது. நம் மொழியில் ‘ப’வும் ‘ம’வும் ‘வ’வும் ‘ய’வும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி, கொஞ்சம் கலங்கினாலும் ஆள் மாறிவிடும். அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி, “ம” என்பாள்.

“அது ‘ம’ இல்லம்மா, ‘ப’.”

“அப்படியா? எனக்கு ‘ம’ மாதிரியே தெரியுதே.”

“நல்லாப் பாரு.”

“ஆமா, ‘ப’தான்” என்பாள், சற்று நேரம் கழித்து.

அது ‘ம’தான். சில சமயம் அவள் கலங்கலிலும் சரியாகச் சொல்லிவிடுவாள். அப்போது நான் என்ன செய்வது, சொல்லுங்கள். முதலில் அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. “பள்ளிக்கூடத்துக்கே திருப்பி அனுப்பிடுங்க என்னை” என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பலகையைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, “இப்ப சரியாச் சொன்னேனா?” என்று கேட்கத் தொடங்கினாள்.

தையல் கோணிப்போயிற்று. பயிற்சி நிலையத்தில் இரண்டொரு துணி வீணானதாகச் சொன்னாள். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனிதர்கள். ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படி இருக்கிற இடத்தில் காலை வைக்காமல் படி இல்லாத இடத்தில் வைத்துவிட்டாள். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. வலது கை. மற்றபடி ஒன்றுமில்லை. கட்டுப் பிரித்த பிறகும் விரல்கள் முன்போல் மடங்கவில்லை. அத்தோடு பஸ் நின்றது. தையல் மெஷினைப் பயிற்சி நிலையத்துக்கே கொடுத்துவிடலாம் என்று அவளே சொன்னாள். நான் வற்புறுத்தவில்லை. வண்டியில் ஏற்றி அனுப்ப மட்டும் ஏற்பாடு செய்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் மதியங்கள் மிக நன்றாக இருந்தன. நான் வருகிற செருப்புச் சத்தம் கேட்டுக் கதவைத் திறப்பாள். பேப்பர் வாசித்துக் காட்டுவேன். பிடிக்காத செய்திகளைத் தாண்டிவிடுவேன். உப்பு டப்பா எங்கே இருக்கிறதென்று இப்போது எனக்கும் தெரியும். சாயங்காலம் கைகோத்து நடப்போம். கடைவீதிப் பெண்கள் தங்கள் கணவன்மாரிடம் எங்களைக் காட்டி, “பாத்துக் கத்துக்கங்க” என்பார்கள். அந்த ஆண்கள் என்னை முறைப்பார்கள்.

அவளுக்குப் பார்வை போய்விடும் என்று நான் சொன்னதாக மகள் உங்கள் ஸ்டேஷனில் கொடுத்த புகாரில் எழுதியிருக்கிறாள். நான் சொல்லவில்லை. “முழுசாப் போயிடுமாங்க?” என்று மனைவி கேட்டபோது, “பாத்துக்கலாம்” என்றுதான் சொன்னேன். அந்தச் சொல்லைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருப்பேன். ஒருநாள் வீட்டுக்கு வந்தால், கண்களை இறுக மூடிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தாள். “இப்பவே பழகிக்கிட்டா உங்களுக்குத் தொந்தரவு இருக்காதில்ல” என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை பேருக்கு அப்படி ஒரு மனைவி கிடைக்கும்?

மகள் லீவுக்கு வந்திருந்தபோது என் மனைவி அவளை எதிரில் உட்கார வைத்து, முகத்தை விரல்களால் தடவிக்கொண்டே இருந்தாள். நெற்றி, புருவம், மூக்கு என்று ஒவ்வொன்றாக.

“என்னம்மா பண்றே, கூசுது” என்றாள் மகள்.

“மனசுல எழுதி வச்சுக்கிறேன்டி. அப்புறம் தெரியாமப் போயிட்டா?”

அங்கேதான் பிரச்சினை ஆரம்பித்தது. மகள் மறுநாள் கடைக்கு வந்து நின்றாள். நான் அவள் அம்மாவைப் பலகைக்கு எதிரில் உட்கார வைத்திருந்தேன்.

“அப்பா, அது ‘ம’தானே?” என்றாள் வாசலிலிருந்தே.

“நீயும் ஒருநாள் கண்ணைக் காட்டிட்டுப் போ. உங்கம்மா வழி வியாதி, உனக்கும் வந்திருக்கும்” என்றேன். நல்ல நகைச்சுவை என்றுதான் நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. பலகைக்குப் பக்கத்தில் போய் அந்த எழுத்தின் மேல் விரலை வைத்து, என்னைப் பார்த்தாள்.

பேரப்பிள்ளையைக் காட்டுகிறேன் என்று சொல்லி அம்மாவைத் தன் ஊருக்கு அழைத்துப் போனாள். அங்கே ஏதோ ஒரு பெரிய கண்ணாடிக் கடை. லென்ஸை இயந்திரத்தில் வைத்துப் பார்த்த பெண், “இது உங்க கண்ணாடிதானா? வேற யாரோடதையோ மாத்தி எடுத்துட்டு வந்துட்டீங்களா?” என்று கேட்டாளாம். அன்றைக்கே சரியாக ஒன்று செய்து மாட்டிவிட்டார்கள். கண்ணில் ஒரு கோளாறும் இல்லையாம். அது எனக்குத் தெரியும்.

அவள் திரும்பி வந்தது ஒரு காலை நேரம். மகள் வாசலிலேயே நின்றுகொண்டாள். இவள் உள்ளே வந்து வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினாள். மூலையில் ஒட்டடை, அடுப்படிச் சுவரில் எண்ணெய்க் கறை, நான் துடைக்காமல் விட்ட அலமாரித் தட்டு. எல்லாவற்றையும் பார்த்தாள். கடைசியில் என் எதிரில் வந்து நின்றாள்.

“இவ்வளவு நரைச்சிடுச்சா உங்களுக்கு?” என்றாள்.

அன்பாகத்தான் கேட்டாள் என்று நினைத்தேன். பிறகு கேட்டாள்: “மொதக் கண்ணாடியும் தெரிஞ்சேதான் செஞ்சீங்களா?”

நீங்களும் அதையேதான் கேட்கிறீர்கள். கைத்தவறு என்று அவளிடமும் சொன்னேன், உங்களிடமும் சொன்னேன். ஆனால் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? நான் என் வாழ்நாளில் ஒரு லென்ஸைக்கூடத் தவறாக வைத்ததில்லை, மேடம். ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அவளுடையதை அவ்வளவு கவனமாக, அவ்வளவு அளந்து திருப்பினேன். முதல் கண்ணாடியிலிருந்தே. அவள் கையையும் நான்தான் உடைத்தேன் என்று எழுதிக்கொண்டாலும் மறுக்க மாட்டேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அன்று நான் கைத்தவறு என்றதும் அவள் மேசைப் பக்கம் போனாள். இழுப்பறையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்தாள். இடது கையால் நூலைப் பிடித்து, ஒரே தடவையில் ஊசிக் காதில் கோத்தாள். கோத்த ஊசியை என் முன்னால் மேசையில் வைத்தாள். வாசலில் நின்ற மகளிடம், “போலாம்டி” என்றாள். படிகளில் யார் கையையும் பிடிக்காமல் இறங்கினாள்.

நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தெருமுனையில் ஒருதரம் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். அப்போதுதான் கவனித்தேன், அந்தப் பிரேம் அவளுக்குச் சரியாக உட்காரவில்லை. இடது காதுப் பக்கம் சற்றே ஏறி நிற்கிறது. பெரிய கடைக்காரர்களுக்கு அதையெல்லாம் பார்க்க எங்கே நேரம்? வலிக்கும், பாவம், அவள் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். நீங்கள் அவளைப் பார்க்கும்போது சொல்லுங்கள் மேடம். அதைக் கழற்றி ஒரு நிமிடம் என் கையில் கொடுத்தால் போதும், நான் சரிசெய்து தருகிறேன்.