முதல் வார்த்தை யாருக்கு?

அவையை ஆளும் தலைவர் அவர்களே, நரம்பைப் படித்து நம்மைக் காக்கும் மருத்துவப் பெருமக்களே, பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் மிடுக்காக அமர்ந்திருக்கும் என் நாத்தனாரே, வணக்கம்.

பக்கவாதத்தைப் பற்றிப் பேச அழைத்தார்கள். நான் பொறாமையைப் பற்றியும் பேசுவேன். சிரியுங்கள், சிரியுங்கள், வயிற்றெரிச்சல் எனக்கல்லவா?

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் எழவில்லை. அசதி என்று போர்வையை இழுத்துவிட்டேன். அடுத்த தெருவிலிருந்து வந்த அவர் அக்கா தோளைத் தட்டினார், கன்னத்தைத் தட்டினார், இமையைத் தூக்கினார்.

"இது தூக்கமில்ல. ரெண்டு கண்ணும் ஒண்ணா நிக்கல. ஆம்புலன்ஸக் கூப்பிடு."

"என் புருஷன எனக்குத் தெரியாதா அண்ணி?"

"உனக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். கூப்பிடு."

சுட்டதா சொல்? சுட்டது. ஆனாலும் கூப்பிட்டேன்.

கை விழவில்லை, கால் விழவில்லை, வாய் கோணவில்லை. முதல் ஸ்கேனிலும் குறையில்லை.

"தூக்க மாத்திரை ஏதாவது போட்டாரா?" என்றார் அவசரப் பிரிவு மருத்துவர். நான் வாயெடுப்பதற்குள் அண்ணி முந்தினார்:

"சாப்பிடும்போது நல்லாத்தான் பேசினானாம். நரம்பு டாக்டரக் கூப்பிடுங்க."

வந்தார், இதோ, மேடையில் இருக்கிறார். கண்ணைச் சோதித்தார், உடனே எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். மூளையின் நடுவே, விழிப்புக்கும் நினைவுக்கும் வாசலாக, வலமொன்று இடமொன்றாகத் தலாமஸ் இருக்கிறதாம். சிலருக்கு ஒரே ரத்தக்குழாய் இரண்டுக்கும் ரத்தம் கொடுக்குமாம். அது அடைத்திருந்தது. அரிதிலும் அரிதான அடைப்பு; கை கால் விழாத பக்கவாதம். நல்லவேளை, நேரம் கடக்கவில்லை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து ஏறியது.

மறுநாள் கண் திறந்தார். நான் ஒரு பக்கம், அண்ணி ஒரு பக்கம். உதடு அசைந்தது.

"அக்கா..."

கண் மூடாமல் காத்தவள் நான், அழைப்பு அவருக்கா? விறுவிறுவென்று வராந்தாவுக்கு நடந்தேன். அண்ணி பின்னாலேயே வந்தார்.

"பாதியிலேயே வந்துட்டியே. 'அக்கா, அவ சாப்பிட்டாளா'ன்னு கேட்டான்டி."

அழுதேன். பொறாமை போனதா? எங்கே போகும்? அந்த வார்த்தையும் அண்ணி காதில்தானே விழுந்தது!

இன்றும் என் கணவருக்கு நினைவு சறுக்குகிறது. நேற்று வந்தவரை இன்று மறக்கிறார். காலையில் நான் பயிற்சி கொடுத்தால் மாலையில் அண்ணி கொடுக்கிறார். யாருக்குப் பதில் சொல்வார் என்று எங்களுக்குள் போட்டி. அந்தப் போட்டியில் தேறி வருபவர் அவர்.

தாய்மார்களே, தட்டியும் எழாதவரை அசதி என்று விடலாமா? கை கால் நன்றாயிருக்கிறதே என்று ஏமாறலாமா? ஓடுங்கள், மருத்துவமனைக்கு ஓடுங்கள். உங்களுக்கு ஆகாதவர் சொன்னாலும் ஓடுங்கள். உயிர் பிழைக்கட்டும்; சண்டையைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பொறாமைப்பட வைத்த அண்ணிக்கும் என் நன்றி கலந்த வணக்கம்.