அட்டை இல்லாத பதில்

கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்து, இந்த அம்மாள் எப்போது முடிப்பாள் என்று இப்போதே பார்க்கத் தொடங்கிவிட்ட மதிப்புக்குரிய அவைத் தலைவர் அவர்களே, எனக்கு ஒன்றுமே மிச்சம் வைக்காமல் எனக்கு முன்னால் முக்கால் மணி நேரம் முழங்கி அமர்ந்த பேராசிரியப் பெருந்தகை அவர்களே, மூட்டு வலித்தாலும் முன்வரிசை கேட்டு வாங்கிய பெரியோர்களே, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அருமைத் தாய்மார்களே, காதுக் கருவியை அணைத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரர் அவர்களே, உங்கள் அத்தனை பேருக்கும் என் அன்பான வணக்கம்.

நூறு வயதாகிறது நம்முடைய 'தொப்பிக்கடைக் குமரி' படத்துக்கு. நூறு வயதில் நமக்கெல்லாம் என்ன இருக்கும்? பல் இருக்காது, பார்வை இருக்காது, பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆள் இருக்காது. அவளுக்கோ இன்றைக்கும் கூட்டம் இருக்கிறது, கைதட்டல் இருக்கிறது, காதலிக்க ஆள் இருக்கிறது. ஒரு வார்த்தை பேசாத பெண்ணை ஒரு நூற்றாண்டாக ஊர் விரும்புகிறதே, ஏன்?

பேசாததால்தான் என்று ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வருகிறது. நல்லது ஐயா. இதை வீட்டுக்குப் போய் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

அந்த நடிகையை நான் வேலை பார்த்த சினிமாக் கொட்டகையில் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. புருவக்காரி, அவ்வளவுதான். இடது புருவம் ஏறினால் கோபம், வலது புருவம் ஏறினால் குறும்பு, இரண்டும் சேர்ந்து ஏறினால் எதிரில் நிற்பவன் தொலைந்தான். கதையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். அவள் தொப்பிக்கடையில் வேலை செய்கிறாள். அவன் சன்னலுக்குக் கண்ணாடி பொருத்துகிறவன். அவன் தூக்கி வந்தாலும் மாட்டினாலும் துடைத்தாலும் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கண்ணாடி. கடைசிக் காட்சியில் ஏணிமேல் நின்றபடி கண்ணாடிக்கு அப்பாலிருந்து அவன் கேட்கிறான். ஊமைப்படம் அல்லவா, கேட்டது எழுத்து அட்டையாகத் திரையில் வருகிறது: 'என்னை மணந்துகொள்வாயா?' அவள் உதடு அசைகிறது. அழகாக அசைகிறது, அவசரமில்லாமல் அசைகிறது. அட்டை வருகிறதா? வரவில்லை. அடுத்து நாம் பார்க்கும்போது அவன் தரையில் கிடக்கிறான்.

என்ன சொன்னாள்? எந்த வார்த்தை வளர்ந்த ஆண்மகன் ஒருவனை ஏணியிலிருந்து தள்ளும்?

ஒரு மதியக் காட்சியில் அந்த வார்த்தையைச் சொன்னவள் நான். சொன்ன கதையைச் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபது வயது. பேசும் படம் வந்து முப்பது வருடம் தாண்டியும் எங்கள் முதலாளி ஊமைப்படமே ஓட்டிக்கொண்டிருந்தார், அதுதான் மலிவு என்று. படம் காட்டும் மெஷினின் மோட்டார் என்றோ செத்துப்போனது. அதைப் பழுது பார்க்காமல், கையால் சுற்ற ஓர் ஆளை வைத்திருந்தார். அட்டைகளெல்லாம் அயல்நாட்டு எழுத்து. அதனால் திரைக்குப் பக்கத்தில் பிரம்போடு ஒருவர் நின்று, யார் என்ன பேசுகிறார் என்று உரக்கச் சொல்வார். அவருக்குப் பெயர் பிரம்பு மாமா. நான் பக்கவாட்டுக் கதவில் டிக்கெட் கிழிப்பவள். கிழித்து முடித்ததும் அங்கேயே நின்று படம் பார்ப்பேன்.

கையால் சுற்றும் மெஷினில் ஒரு சூட்சுமம் உண்டு. வேகமாகச் சுற்றினால் திரையில் ஆட்கள் ஓடுவார்கள். மெதுவாகச் சுற்றினால் மிதப்பார்கள். நிறுத்தினால் விளக்கின் சூட்டில் ஃபிலிம் கருகிவிடும். எங்கள் மெஷின்காரர் கை நிதானமான கை. ஆனால் வெள்ளைத் தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாகப் புருவக்காரியின் முகம் திரையை நிறைக்கும்போது மட்டும் அந்தக் கை மெல்ல மெல்லத் தளரும்.

"ஏன்யா, ஒன்றரை மணி நேரப் படம் உன் கையில மட்டும் ஏழு நிமிஷம் வளருது?" என்று முதலாளி கேட்பார்.

"மெஷின் பழசு முதலாளி."

மெஷின் பழசா? எனக்கு வயிறு பற்றி எரிந்தது. ஏனென்றால் எனக்கு அந்த மெஷின்காரரைப் பிடிக்கும். பிடித்தவர் வேறொருத்தியைப் பார்த்துக் கை தளர்ந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? அதுவும் நாற்பது வருடப் பழைய ஒருத்தியை.

ஒருநாள் அவர் மெஷின் அறை மாடிப்படியில் என்னை மறித்து நின்றார். "என்னைக் கட்டிக்கிறியா?" என்றார். முன்னும் இல்லை, பின்னும் இல்லை, அவ்வளவுதான்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சரி என்று சொல்லியிருக்க வேண்டும். என்ன சொன்னேன்? "எதுக்கு? அதான் திரையில ஒருத்தி இருக்காளே. அவளையே கட்டிக்கோ. நல்லா சமைச்சுப் போடுவா."

அவர் திரும்பிப் படியேறிப் போனார். அடுத்த வாரமே வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டார். சனிக்கிழமை மதியக் காட்சிதான் கடைசி, ஐந்து மணி பேருந்தில் கிளம்புகிறார் என்று கொட்டகை முழுக்கப் பேச்சு. போய்ச் சொல்ல வேண்டியதுதானே என்கிறீர்களா? தாய்மார்களே, நீங்கள் போயிருப்பீர்களா? நானும் போகவில்லை. மூன்று நாள் அந்த மாடிப்படியின் அடியை நாளுக்கு மூன்று முறை பெருக்கினேன், ஏறவில்லை.

சனிக்கிழமை வந்தது. பிரம்பு மாமாவுக்குத் தொண்டை கட்டிக் காற்றுதான் வருகிறது. அரங்கு நிறைந்துவிட்டது. முதலாளி என்னைப் பார்த்தார்.

"நீ மேடையில ஏறும்மா."

"எனக்கு அந்த எழுத்துத் தெரியாது முதலாளி. நான் அஞ்சாம் வகுப்பு."

"மாமாவுக்கு மட்டும் தெரியுமா? அவரும் இத்தனை நாளா குத்துமதிப்பாத்தான் விட்டுக்கிட்டு இருந்தாரு. ஏறு."

பிரம்பு மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

ஏறினேன். எழுத்தைப் படிக்காமல் புருவத்தைப் படித்தேன். கோபம் வந்தால் என் கோபத்தைச் சொன்னேன், குறும்பு வந்தால் என் குறும்பைச் சொன்னேன். பெஞ்சுக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசிக் காட்சி வந்தது. ஏணி வந்தது, கண்ணாடி வந்தது, அவன் கேட்டான். இந்த இடத்தில் மாமா வழக்கமாக, 'அன்பரே, யான் உமது அடிமை' என்று சொல்லி இருமுவார். என் வாயில் அடிமை வரவில்லை. எதிரே, பின்சுவரில், மெஷின் அறையின் சதுர ஓட்டை தெரிந்தது. திரையைப் பார்க்கவில்லை, அந்த ஓட்டையைப் பார்த்துச் சொன்னேன்.

"ஊருக்குப் போக வேணாம். அன்னைக்குச் சொன்னது கோவத்துல சொன்னது. எனக்கு உன்னைத்தான் பிடிக்கும். ஆனா அந்த எண்ணெய்ப் பனியனை நீயேதான் துவைச்சுக்கணும்."

ஒரு பெஞ்சுக்காரர் எழுந்தார். "ஏம்மா, அவன் கோட்டுல்ல போட்டிருக்கான். பனியன் எங்கேர்ந்து வந்துச்சு?"

நான் பதில் சொல்வதற்குள் மெஷின் நின்றது. விழத் தொடங்கியவன் பாதி ஏணியில் நின்றான். அவன் இடுப்பில் ஒரு பழுப்புப் பொட்டு, பொட்டு பூவானது, பூ ஓட்டையானது, திரை முழுக்க வெள்ளை. முதலாளி போட்ட கூச்சல் ஊமைப்படக் கொட்டகையில் ஒலித்த முதல் பேசும் படம்.

மாடிப்படி எனக்கு நினைவில்லை. எத்தனை படி தாவினேனோ தெரியாது. உள்ளே அவர் கருகியதை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். இரண்டு விரல் வெட்ட வேண்டிய இடத்தில், படியில் என் காலடி கேட்ட அவசரத்தில் இரண்டு முழம் வெட்டிவிட்டார்.

நிமிர்ந்து பார்க்காமலே, "துவைச்சுக்கிறேன்" என்றார்.

"அது இருக்கட்டும். அவ வந்தா மட்டும் ஏன் மெதுவாச் சுத்துறே? அதைச் சொல்லு."

"அவ வெள்ளைத் தொப்பி வர்றப்போ திரை பளிச்சுனு ஆகும். அந்த வெளிச்சத்துலதான் கதவுகிட்ட நிக்கிற உன்னோட பாதி முகம் தெரியும். வேகமாச் சுத்துனா சீக்கிரம் இருட்டிடுது."

"இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீ எங்க பேச விட்டே?"

ஐந்து மணிப் பேருந்து ஐந்து மணிக்குப் போயிற்று. அவர் போகவில்லை.

இப்போது பேராசிரியர் ஐயா என்னை மன்னிக்க வேண்டும். அவன் விழுவதைக் காட்டாமல், ஏணியிலிருந்து நேராகத் தரைக்குத் தாவியது இயக்குநரின் மேதைமை என்றீர்கள், காலத்தைக் கடந்த கலை என்றீர்கள், அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். உலகில் மிஞ்சியது எங்கள் கொட்டகைப் பிரதி ஒன்றுதான். நீங்கள் புகழ்ந்த அந்தத் தாவல், என் வீட்டுக்காரர் வெட்டிய இரண்டு முழம். இல்லை ஐயா, நாற்காலிக்கு அடியில் ஒளிய வேண்டாம். உங்கள் கட்டுரையை வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம்.

அந்தப் பிரதியைப் புள்ளி புள்ளியாகத் துடைத்துப் புதுசாக்கியவள் என் பேத்தி. எனக்குப் பெருமை, அதை நான் மறைக்கப்போவதில்லை. போன மாதம் அந்த அயல்மொழி உதட்டசைவைப் படிக்கத் தெரிந்த ஓர் அம்மையாரை அவள் அழைத்து வந்தாள். புருவக்காரி உண்மையில் என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ளத்தான். அந்த அம்மையார் மூன்று முறை பார்த்தார். சிரித்துக்கொண்டே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பேத்தி அதை எனக்குப் படித்துக் காட்டினாள்: 'இந்த விளக்குச் சூடு தாங்கவில்லை, சீக்கிரம் முடியுங்கள், பசிக்கிறது.'

சிரித்து முடியுங்கள், நான் காத்திருக்கிறேன்.

அன்று எனக்கு ஏமாற்றமாக இருந்ததா? இல்லை. அன்றைக்குத்தான் அவள் பெருமை எனக்கு முழுதாகப் புரிந்தது. காதலை அவளா பேசினாள்? பசித்தவள் பசி என்றாள், நாம் காதல் என்று கேட்டோம். கண்ணை அவள் கொடுத்தாள், கருத்தை நாம் கொடுத்தோம். புருவத்தை அவள் உயர்த்தினாள், பொருளை நாம் பொருத்தினோம். பேசிய நாயகிகள் பேசியதோடு முடிந்தார்கள். இவள் இடம் விட்டாள். பயந்தவன் வந்து தன் பயத்தை வைத்தான், வீம்புக்காரி வந்து தன் வீம்பை வைத்தாள், சொல்லாமல் செத்துவிடுவோமோ என்று நின்றவள் வந்து சொல்லிவிட்டுப் போனாள். அப்படி இடம் விடுகிறவளுக்கு முதுமை ஏது, முடிவு ஏது?

இன்னும் சற்று நேரத்தில் படம் ஓடும். அவள் உதடு அசையும், அட்டை வராது. நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்று கவனித்துப் பாருங்கள். கேட்டது யாருக்கு உரியதோ, அவரிடம் போய் வாயைத் திறந்து சொல்லுங்கள். எல்லாருக்கும் ஒரு பிரம்பு மாமா தொண்டை கட்டிக்கொண்டு உதவ மாட்டார்.

இவ்வளவு நேரம் கடிகாரத்தைத் திருப்பி வைத்துப் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், பேச வாயும் கேட்கக் காதும் தந்த இந்தப் பேரவைக்கும் என் நன்றி. கருவியை அணைத்துவிட்டுத் தூங்குகிறாரென்று நான் நினைத்த மனிதர் முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அவருக்கும் என் நன்றி. வணக்கம்.